நாற்பது நாள் அட்டையும் ஞாயிறு மட்டும் திறக்கும் கதவும்

மதிப்பிற்குரிய சபை நிர்வாகக் குழுத் தலைவர் ஐயாவுக்கும், செயலாளர் அண்ணனுக்கும், மற்றப் பொறுப்பாளர்களுக்கும்,

கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம்.

போன மாதம் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது வாசலில் ஆளுக்கோர் அட்டை கொடுத்தீர்கள். வழவழப்பான தாள், கலர் அச்சு, 'நாற்பது நாள் விசுவாச வளர்ச்சி' என்று தலைப்பு. வேதம் வாசித்தேன், ஜெபித்தேன், நன்றி சொன்னேன், ஒருவருக்கு உதவினேன் என்று நாளுக்கு நான்கு கட்டம். செய்ததற்கு எதிரே டிக் போட வேண்டும். நல்ல முயற்சிதான். ஆனால் அதே ஞாயிறு, அதே அறிவிப்பில், இனி வார நாட்களில் ஆலயம் பூட்டியே இருக்கும், நாங்கள் கூடிச் சங்கீதம் வாசிக்கிற மாலை வாசிப்பு மறு அறிவிப்பு வரும்வரை கிடையாது என்றும் சொன்னீர்கள். தினமும் வளருங்கள் என்று சொன்ன வாயாலேயே தினமும் வராதீர்கள் என்றும் சொன்னது மேடையில் இருந்த யாருக்கும் உறுத்தவில்லை போலிருக்கிறது. பெஞ்சில் இருந்த எங்களுக்கு உறுத்தியது.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். திங்கள் முதல் வெள்ளி வரை, மாலை ஏழு மணியிலிருந்து எட்டு மணி வரை, ஆலயக் கதவைத் திறந்து விடுங்கள். அதற்காக ஒரு சாவியை உள்ளூர் ஆள் யாரிடமாவது கொடுங்கள்.

இந்தப் பூட்டுக்குக் காரணமான, ஆலயத்து ஆம்ப்ளிபயர் களவு போன கதையை நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. எல்லோருக்கும் வருத்தம்தான். ஆனால் திருடன் வந்தது நடுராத்திரியில், பின் ஜன்னலை நெம்பி. மாலை ஏழு மணிக்குச் சங்கீதம் வாசிக்க வந்தவர்கள் அவனுக்குக் கதவு திறந்து விடவில்லை. அவன் எங்கள் வாசிப்புக்கு ஒரு நாளாவது வந்து உட்கார்ந்திருந்தால் ஒருவேளை திருடாமலே போயிருப்பான். பின் ஜன்னலுக்கு இன்றுவரை கம்பி போடவில்லை. முன் கதவுக்கு மட்டும் புதுப் பூட்டு வந்துவிட்டது. சாவி செயலாளர் அண்ணனிடம். அண்ணன் குடியிருப்பது ஈப்போ நகரத்தில். போதகர் ஐயாவைக் குறை சொல்லவில்லை, ஒருவராக நின்று மூன்று ஊர்ச் சபைகளைப் பார்க்கிறார், பாவம்.

இதைப்பற்றிக் கேட்டபோது குழுவிலிருந்து வந்த பதில், மத்தேயு 6:6. ஜெபம்பண்ணும்போது உன் அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொள் என்றுதானே ஆண்டவர் சொன்னார், வீட்டிலேயே ஜெபிக்கலாமே என்றீர்கள். அந்த வசனம், பார்க்கிறவர்கள் மெச்ச வேண்டும் என்று தெரு முனையில் நின்று ஜெபிக்கிற மாயக்காரரைப் பற்றியது. எங்களில் அப்படி மெச்சப்பட வேண்டிய ஆள் யாருமில்லை. அது கிடக்கட்டும். அறைவீடு எங்கே இருக்கிறது?

தோட்டம் கைமாறி, தோட்டத்து வரிசை வீடான லயத்தை விட்டு வெளியேறி, மலிவு விலை வீட்டுக்கு வந்தவர்கள் நம் சபையில் பாதிப் பேர். இரண்டு அறை, ஏழு பேர். ஓர் அறையில் மகனும் மருமகளும், இன்னோர் அறையில் வயதுக்கு வந்த பேத்திகள். ஹாலில் தொலைக்காட்சி, அதற்குக் கீழே கைப்பேசியில் சுட்டுத் தள்ளும் விளையாட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக் கரோக்கே. இதில் எந்தக் கதவைப் பூட்டுவது? தனி அறையும் ஏர்கானும் உள்ளவர்களுக்கு அந்த வசனத்தை நிறைவேற்றுவது சுலபம். எங்களுக்கு ஆலயம்தான் அறைவீடாக இருந்தது.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் போடவில்லை, உங்களுக்கே தெரியும். செம்பனையில் உதிர்ந்த பழம் பொறுக்கும் பாட்டி. வாசிக்கத் தெரியாது. தோட்டத்துப் பள்ளியில் சேர்த்த வருடமே தம்பியைப் பார்த்துக்கொள்ள நிறுத்திவிட்டார்களாம். முழங்கால் இரண்டிலும் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு, ஆறே முக்காலுக்கெல்லாம் வந்து இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். நகக்கண்ணில் பழச்சாறு ஆரஞ்சாக ஏறியிருக்கும், எவ்வளவு தேய்த்தாலும் போகாது. மடியில் கணவருடைய பெரிய எழுத்து வேதாகமம். எந்தப் பக்கமோ திறந்திருக்கும், விரல் மட்டும் வரிவரியாக நகரும். நாங்கள் வாசிப்பது ஓரிடமாக இருக்கும், அவர் விரல் இருப்பது வேறிடமாக இருக்கும். ஆனால் ஒரு வசனத்தைத் தாண்டிவிட்டால், "தம்பி, ஒன்னு விட்டுட்டியேப்பா" என்று குரல் வரும். 150 சங்கீதத்தையும் காதால் கேட்டே வரிசை மாறாமல் மனத்தில் ஏற்றியவர். வாரத்துக்கு ஐந்து என்று போனால் முப்பது வாரத்தில் ஒரு சுற்று முடியும். அவர் எத்தனையோ சுற்றுப் பார்த்துவிட்டார். விசுவாசம் கேள்வியினாலே வரும் என்று ரோமர் 10:17ஐ மேடையில் சொல்கிறீர்களே, அந்தக் கேள்வி, அதாவது காதால் கேட்பது, இந்தப் பாட்டிக்கு நடந்தது அந்த ஒரு மணி நேரத்தில்தான்.

கூட்டம் நின்றுவிட்டது என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் வருகிறார். ஏழு மணிக்கு வந்து, படியில் கோணியை மடித்துப் போட்டு, கிரில் கதவில் முதுகு சாய்த்து உட்கார்ந்துகொள்கிறார். போன வாரம் ஆலையில் என் பாய்லர் ஷிப்ட் முடிந்து மோட்டார் சைக்கிளில் வரும்போது பார்த்தேன். வாசல் விளக்கையும் நீங்கள் அணைத்துவிட்டதால் தெருவிளக்கு வெளிச்சம்தான். தூறல் வேறு. பக்கத்தில் ஒரு பள்ளிப் பையன், டியூசன் பையைத் தோளில் மாட்டியபடியே, அந்தப் பெரிய வேதாகமத்தை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்து வாசித்துக்கொண்டிருந்தான். நின்று நிதானமாக, றகர ரகரம் பிசகாமல். அவன் நம் சபைப் பிள்ளை அல்ல. நெற்றியில் விபூதி. பாட்டி கூப்பிட்டு, "அய்யா, எண்பத்து நாலு மட்டும் படிச்சுக் காட்டுறியா" என்று கேட்டிருக்கிறார். அவனும் சரி என்று உட்கார்ந்துவிட்டான்.

84ஆம் சங்கீதத்தில், என் தேவனுடைய ஆலயத்தின் வாசற்படியில் காத்துக்கொண்டிருப்பதைத் தெரிந்துகொள்வேன் என்று ஒரு வரி உண்டு. அதை ஒருவர் இவ்வளவு எழுத்துப்படி நிறைவேற்றும்படி ஒரு நிர்வாகக் குழு ஏற்பாடு செய்யும் என்று நாங்கள் நினைத்தே பார்க்கவில்லை. அதே சங்கீதத்தில் குருவிக்குக்கூட வீடு கிடைக்கிறது. இந்தக் கீழ்ப் பேராக் வட்டாரத்தில் சாப்பிடுவதற்கு விற்கிற கூட்டுக்காக வளர்க்கிற பறவைக்கு மூன்று மாடி கட்டி, ஒலிபெருக்கியில் குருவிச் சத்தம் போட்டு வா வா என்று அழைக்கிறார்கள். தானாக வருகிற பாட்டிக்கு நாம் பூட்டுப் போட்டிருக்கிறோம்.

பைபிள் செயலியை இறக்கிக்கொள்ளலாம், ஒலி வடிவம் இருக்கிறது என்று ஒரு பொறுப்பாளர் சொன்னார். நல்ல செயலிதான், நானும் வைத்திருக்கிறேன். பாட்டியிடம் இருப்பது பட்டன் போன். அதோடு, செயலி 'நேற்று ஏன் வரவில்லை, காய்ச்சலா?' என்று கேட்காது.

தினசரிப் பழக்கம் என்பது மன உறுதியால் மட்டும் வருவதாக அட்டை அடித்தவர் நினைக்கிறார். வேதாகமத்தில் 1189 அதிகாரங்கள். நாளுக்கு மூன்று, ஞாயிறு ஐந்து என்று வாசித்தால் ஒரு வருடத்தில் முடியும் என்று அட்டையின் பின்புறம் கணக்கு போட்டிருக்கிறது. கணக்கு சரி. ஆனால் பொழுது விடியுமுன்னே தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்று, நாள் முழுக்கக் குலை வெட்டிவிட்டு வந்தவன், இரவு ஒன்பது மணிக்குத் தனியாக உட்கார்ந்தால் லேவியராகமத்தில் தலை சாய்ந்துவிடும். பக்கத்தில் நாலு பேர் உட்கார்ந்திருந்தால் சாயாது. தானியேல் மூன்று வேளை ஜெபித்தார் என்றால், அதற்கென்று ஒரு மேலறை, எருசலேமுக்கு நேரே திறந்த ஜன்னல் என்று இடம் இருந்தது. பேதுருவும் யோவானும் ஒன்பதாம் மணி நேரத்தில் தேவாலயத்துக்குப் போனார்கள், அது ஜெபவேளை. லூக்கா இரண்டாம் அதிகாரத்து அன்னாள், எண்பத்து நாலு வயது விதவை, தேவாலயத்தை விட்டு நீங்காதிருந்தாள். நேரமும் இடமும் கூடவே ஆளும் இருந்தால் பழக்கம் தானாக ஒட்டிக்கொள்ளும். இந்த மூன்றும் நம்மிடம் இருந்தன. செலவு நான்கு விளக்கு, மூன்று விசிறி.

அந்த ஒரு மணி நேரத்தில் பெரிதாக ஒன்றும் நடக்காது. ஒரு பாட்டு, ஒரு சங்கீதம், புதிய ஏற்பாட்டில் ஓர் அதிகாரம். நேற்று வாசித்ததில் என்ன ஞாபகம் இருக்கிறது என்று ஒரு கேள்வி. அப்புறம் ஜெப நோட்டில் எழுதிய பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி ஜெபம், கடைசியில் பரமண்டல ஜெபம். வடிகால் தகராறில் பேச்சு வார்த்தை நின்றுபோன இரண்டு குடும்பத்துத் தலைவர்கள் ஒரே பெஞ்சின் இரு முனையில் உட்கார்ந்து, 'எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்' என்று தினமும் சேர்ந்து சொன்னார்கள். வாரம் ஒருமுறை என்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டே காலத்தை ஓட்டிவிடலாம், தினமும் முடியுமா? இப்போது ஒருவர் மோட்டாரில் மற்றவர் பின்னால் உட்கார்ந்து ஆராதனைக்கு வருகிறார். யார் பேசி வைத்தது என்று கேட்டால் யாருமில்லை.

வீட்டில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்து, வெள்ளிக்கிழமை கொண்டு வந்து டின்னில் போடுவது நம் தாய்மார்கள் வழக்கம். வேலையில்லாத வீட்டுக்கோ படுக்கையில் கிடப்பவர் வீட்டுக்கோ அது போய்விடும். இப்போது வெள்ளிக்கிழமை இல்லை. போன ஞாயிறு டின்னைத் திறந்து பார்த்தேன், பழைய அரிசியில் வண்டு விழுந்திருந்தது. அட்டையில் 'ஒருவருக்கு உதவினேன்' என்று ஒரு கட்டம் இருக்கிறது.

மாலை ஏழு மணிக்கு நம் ஊரில் என்னென்ன திறந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டாம். சம்சு என்கிற மலிவுச் சாராயம் விற்கும் கடையும் திறந்திருக்கும், லாட்டரி நம்பர் கடையும் திறந்திருக்கும். கடைசி பெஞ்சில் வாயே திறக்காமல் உட்கார்ந்துவிட்டுப் போவாரே ஒருவர், அவர் எதைத் தாண்டி வந்தார் என்பது அவர் மனைவிக்குத் தெரியும். இப்போது அவர் எங்கே உட்காருகிறார் என்பதும் தெரியும். பொழுது சாயும் வேளையில் முஸ்லிம்களின் தொழுகை இடமான சூராவில் பாங்கு கேட்கிறது, மாரியம்மன் கோயிலில் மணி அடிக்கிறது, நம் ஆலயத்தில் மட்டும் சத்தம் இல்லை.

சொல்ல வந்தது கதவைப் பற்றி. ஆனால் அந்தப் பையன் வாசித்ததைக் கேட்டதிலிருந்து இன்னொன்றும் மனத்தில் கிடந்து புரள்கிறது. நம் வாலிபர்களில் எத்தனை பேர் அப்படி வாசிப்பார்கள்? திரையில் தமிழ்ப் பாட்டை ஆங்கில எழுத்தில் போட்டுத்தானே பாடுகிறோம். தரங்கம்பாடியில் 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்து முடித்தார் சீகன்பால்கு. அவர் ஜெர்மன் மிஷனரி, முதலில் மணலில் விரலால் எழுத்துப் பழகியவர் என்பார்கள். முந்நூறு வருடம் கழித்து நம் பிள்ளைகள் அதை 'நல்லா இருக்கு அங்கிள், ஆனா படிக்கத் தெரியாது' என்று மூடி வைக்கிறார்கள். மாலை வாசிப்பில் ஆளுக்கு இரண்டு வசனம் என்று சுற்றி வரும்போது, திக்கித் திக்கியாவது நாலு பிள்ளைகள் தமிழ் பழகினார்கள். அதுவும் போயிற்று. பெரிய திரைக்குப் பணம் இருக்கிறது, கேமரன் மலை முகாமுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று வசூலிக்க முடிகிறது, காலையில் ரோஜாப் பூவோடு ஒரு வசனப் படத்தை வாட்ஸ்அப்பில் தவறாமல் அனுப்ப நேரம் இருக்கிறது. அந்தப் படத்துக்கு நானும் தினமும் கைகூப்பும் பொம்மை போட்டு வருகிறேன். அதற்கும் அட்டையில் ஒரு கட்டம் ஒதுக்கியிருக்கலாம்.

பேச்சு எங்கேயோ போய்விட்டது, மன்னிக்கவும். நீங்கள் எல்லோரும் சம்பளமில்லாமல் உழைப்பவர்கள், கூரை ஒழுகும்போது ஏணியில் ஏறியவர்கள் என்பதை யாரும் மறக்கவில்லை. அதனால்தான் பணிவாகவே கேட்கிறோம்: வார நாட்களில் மாலை ஒரு மணி நேரம் கதவைத் திறந்து விடுங்கள்.

நடைமுறைக்கும் யோசித்திருக்கிறோம். ஆலயத்திலிருந்து நடந்து வரும் தூரத்தில் உள்ள மூன்று குடும்பங்கள் சாவிக்குப் பொறுப்பேற்கச் சம்மதித்திருக்கின்றன. பெயர்களைத் தனித்தாளில் பொருளாளர் அக்காவிடம் கொடுத்திருக்கிறேன். எட்டரைக்குள் பூட்டி, நோட்டில் கையெழுத்துப் போடுவோம். புது ஆம்ப்ளிபயரை அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள், எங்களுக்கு மைக் வேண்டாம், சிறிய கூட்டம்தானே. மின்சாரக் கட்டணம் கூடினால் கூடுதல் தொகையை வெள்ளிக்கிழமை காணிக்கையிலிருந்து கட்டிவிடுகிறோம். பின் ஜன்னலுக்குக் கம்பி அடிக்க ஆலையில் வெல்டிங் தெரிந்த நண்பர் ஒருவர் கூலி வாங்காமல் வருகிறேன் என்கிறார், இரும்பு மட்டும் வாங்கித் தர வேண்டும்.

அடுத்த குழுக் கூட்டம் இரண்டாம் சனிக்கிழமை என்று அறிந்தேன். இதை முதல் பொருளாக எடுத்துப் பேசி, மறுநாள் அறிவிப்பில் சாவி யாரிடம் இருக்கும் என்று சொல்லிவிடுங்கள். முடிவெடுக்க இன்னும் நாளாகும் என்றால், ஞாயிறு பூட்டிவிட்டுப் போகும்போது வாசல் விளக்கின் ஸ்விட்சையாவது போட்டுவிட்டுப் போங்கள், மழைக்காலம் வருகிறது.

இப்படிக்கு,
கிறிஸ்துவுக்குள் அன்புடன்,
மாலை வாசிப்புக் கூட்டத்தார் சார்பில்,
சபை உறுப்பினன் ஒருவன்