தெஸ்னோஸைத் தள்ளிவைத்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பாரிஸ், ஃபோந்தேன் தெரு 42ஆம் எண் வீட்டில் கூடி, கனவையும் ஆழ்மனதையும் எழுத்தில் கொண்டுவர முயன்ற சர்ரியலிஸ்ட் நண்பர்களுக்கும், முக்கியமாக அவர்கள் தலைவர் ஆந்த்ரே பிரெதோன் அவர்களுக்கும்,

உங்களில் யாரும் இப்போது உயிரோடு இல்லை, தெரியும். ஆனால் 1929 டிசம்பரில் உங்கள் கூட்டாளியான கவிஞர் தெஸ்னோஸைத் தள்ளிவைத்து நீங்கள் எழுதிய தீர்ப்பு இன்னும் அச்சில் இருக்கிறது. இரண்டாம் சர்ரியலிச அறிக்கையைப் புதிதாகப் படிக்கிற ஒருவர், ரொபேர் தெஸ்னோஸ் ஏதோ பாதை தவறி வீணாய்ப்போன ஆள் என்று நினைத்துக்கொள்ள எல்லா வாய்ப்பும் இருக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

1922 செப்டம்பர் கடைசியை நினைத்துப் பாருங்கள். எழுத்தாளர் ரெனே க்ரெவெல் ஆரம்பித்துவைத்த, மயக்கத் தூக்கத்தில் பேசவைக்கும் அந்தத் தூக்க அமர்வுகளில், உங்கள் வீட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்களில் பாதிப் பேருக்குத் தூக்கமே வரவில்லை. லே ஆல் சந்தையில் கோழி வியாபாரம் செய்தவருடைய மகன் தெஸ்னோஸுக்கு, அந்த 22 வயதுப் பையனுக்குத்தான் கண்ணை மூடியதும் கவிதை கொட்டியது, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் வந்தது, நியூயார்க்கில் இருந்த ஓவியர் மார்செல் துஷாமோடு மனசாலேயே தொடர்பில் இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு, துஷாமின் புனைபெயரான ரோஸ் செலாவி பெயரில் சிலேடை வாக்கியங்களாக அள்ளிவிட்டார். கவிஞர் எலுவாரைக் கத்தியோடு துரத்திய கதையும் உண்டு. அவர் நடித்தார் என்று அப்போதே சிலர் முணுமுணுத்தார்கள். நடித்துக்கொண்டே ஒருவரால் அப்படிப் பேச முடிந்தால் அது இன்னும் பெரிய வித்தை இல்லையா? 1924இல் வந்த முதல் அறிக்கையில், நினைத்த நேரத்தில் சர்ரியலிசம் பேசக்கூடியவர் என்று அவரைப் பற்றி எழுதியதும் நீங்கள்தான், பிரெதோன். உங்கள் 'நாட்ஜா' புத்தகத்தில் அவர் படத்தைப் போட்டதும் நீங்கள்தான்.

அப்புறம் என்ன ஆனது? பத்திரிகையில் வேலை பார்க்கிறார், பழைய யாப்பில் பன்னிரண்டு அசை வரிகள் எழுதுகிறார், உங்களோடு கம்யூனிஸ்ட் அரசியலுக்கு வர மறுக்கிறார். இவ்வளவுதான் குற்றப்பட்டியல். நீங்கள் ஓவியம் வாங்கி விற்றுப் பிழைத்தீர்கள், அவர் எழுதிப் பிழைத்தார், இதில் எது மேல் எது கீழ் என்று எனக்கு இன்னமும் புரியவில்லை. ஆலமரத்தடி நாட்டாமை மாதிரி நீங்கள் ஆளை ஆளாகத் தள்ளிவைத்துக்கொண்டே போனீர்கள், எழுத்தாளர்கள் பட்டாய், லெய்ரிஸ், பிரெவேர் என்று தள்ளப்பட்டவர்களும் விலகியவர்களும் சேர்ந்து 1930 ஜனவரியில் 'ஒரு பிணம்' என்று உங்கள் தலையில் முள்முடி வைத்த படத்தோடு துண்டறிக்கை போட்டார்கள். அதில் தெஸ்னோஸும் இருந்தார், அவர் வார்த்தைகளும் கண்ணியமாக இல்லை. அதை மறைக்க மாட்டேன். ஆனால் சில வாரம் கழித்து அவர் தனியாக எழுதிய மூன்றாம் அறிக்கையில், சர்ரியலிசம் இனிப் பொதுச்சொத்து என்று சொன்னார் பாருங்கள், அதை அடுத்த பத்து வருடம் அவர் செய்தே காட்டினார்.

எங்கே? வானொலியில். 1933 நவம்பர் 3 அன்று கதைகளில் வரும் கொடூரக் குற்றவாளி ஃபாந்தோமாஸைப் பற்றிய 'ஃபாந்தோமாஸின் பெரும் புலம்பல்' ஒலிபரப்பானது. வரிகள் தெஸ்னோஸ், இசை குர்ட் வைல், இயக்கி ஃபாந்தோமாஸாகக் குரல் கொடுத்தவர் உங்கள் குழுவிலிருந்து அதற்கு முன்பே வெளியேற்றப்பட்ட நாடகக்காரர் ஆர்த்தோ. அதன் பிறகு மருந்து விளம்பரங்களுக்கு வாசகம் எழுதினார், ஆமாம், காசுக்குத்தான். 1938இல் 'கனவுகளின் திறவுகோல்' நிகழ்ச்சிக்கு நேயர்கள் தங்கள் கனவுகளைக் கடிதத்தில் எழுதி அனுப்ப, அவற்றை நாடகமாக்கி விளக்கமும் சொன்னார். உங்கள் வீட்டில் பத்துப் பேர் பூட்டிவைத்துச் செய்ததை வானொலிப் பெட்டி இருந்த எந்த வீட்டிலும் கேட்க முடிந்தது. இது துரோகம் என்றால், போர்க்காலத்தில் நியூயார்க்கில் நீங்கள் வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவில் அறிவிப்பாளர் வேலை பார்த்ததற்கு என்ன பெயர்? குத்திக்காட்டத்தான் கேட்கிறேன், ஆனால் வேலை செய்து சாப்பிட்டதில் தப்பில்லை என்றுதான் சொல்லவும் வருகிறேன்.

போர்க்காலத்தில் தெஸ்னோஸ் பாரிஸிலேயே இருந்தார். நாஜிகளின் தணிக்கைக்கு உட்பட்ட 'ஓஜூர்துயி' பத்திரிகையில் வேலை. நீங்கள் அவ்வளவு வெறுத்த அதே பத்திரிகைத் தொழில்தான் 1942இலிருந்து அவரை 'அஜீர்' என்ற எதிர்ப்பு வலையமைப்புக்குப் பயன்படுகிறவராக ஆக்கியது. அலுவலகத்துக்கு வரும் செய்திகளைக் கடத்தினார், போலி அடையாளச் சீட்டு செய்துகொடுத்தார். போரை வெறுத்த இதயம் பற்றிய கவிதையைப் புனைபெயரில் எழுதினார், அது வந்த ரகசியத் தொகுப்பை உருவாக்கியவர்களில் எலுவார் ஒருவர். 1944 பிப்ரவரி 22 அன்று மஸரீன் தெரு வீட்டில் கெஸ்டபோ அவரைக் கைது செய்தது. தொப்பி போட்ட பதினெட்டு மீட்டர் எறும்பு வருகிற அவருடைய குழந்தைப் பாடல்கள் புத்தகமாக வந்தபோது அவர் நாஜி முகாமில் இருந்தார். பிரெஞ்சுப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் அந்த எறும்பை இன்றும் மனப்பாடம் செய்கிறார்கள். உங்கள் குழுவில் வேறு யாருக்கு இப்படி வாய்த்தது?

ஆஷ்விட்ஸ், புஹன்வால்ட், ஃப்ளோஸன்பூர்க், ஃப்ளோஹா, கடைசியில் தெரெஸின். விடுதலை வந்தும் டைஃபஸ் விடவில்லை. சர்ரியலிஸ்ட் எழுத்துகளைப் படித்திருந்த யோசெஃப் ஸ்டூனா என்ற செக் மருத்துவ மாணவர் நோயாளிப் பட்டியலில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டுத் தேடி வந்து, கவிஞர் தெஸ்னோஸைத் தெரியுமா என்று கேட்க, அது நான்தான் என்றாராம். 1945 ஜூன் 8 அன்று இறந்தார்.

1946இல் இரண்டாம் அறிக்கையை மறுபதிப்பு செய்தீர்கள், பிரெதோன். என் அவசரத் தீர்ப்புகளைக் காலமே திருத்தியிருக்கட்டும் என்கிற மாதிரி முன்குறிப்பும் எழுதினீர்கள். தெஸ்னோஸ் பற்றிய பகுதியையும் அப்படியே விட்டுவிட்டீர்கள். அவர் செத்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அந்தப் பக்கத்தின் கீழே ஒரு வரி அடிக்குறிப்பு போட உங்களுக்கு என்ன தடை இருந்தது?