ஷேனுக்கு மிளகாய் கொடுத்தேன்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நானும் அப்பாவும் நலம். அப்பாயிக்கு முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? ரூமில் சமைக்கிறாயா, கடைச் சாப்பாடா? மூன்று வேளையும் கடையில் சாப்பிடாதே. அல்சர் வந்து நீ பட்டபாடு போதும்.

போனில் பேசினால் "ம்", "சரிம்மா", "அப்புறம் கூப்பிடறேன்" என்று முடித்துவிடுகிறாய். எழுதினால் நிதானமாகப் படிப்பாய் என்றுதான் எழுதுகிறேன். பொங்கலுக்கு வராததைப் பற்றி ஒன்றும் எழுதப் போவதில்லை. ஆபீசில் ரிலீஸ் என்றாய், இருக்கட்டும். மாட்டுப் பொங்கலன்று அப்பா இருட்டும்வரை திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான்.

பண்டிகைக்குப் பாப்பா வந்திருந்தபோது மெய்யழகன் படத்தை மறுபடியும் போட்டாள். 2024 செப்டம்பரில் படம் வந்தபோது நீளம் என்று பேச்சு வந்து, தியேட்டரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே 18 நிமிஷத்தை வெட்டிவிட்டார்களாமே. எனக்கு அது பிடிக்கவே இல்லை. ராத்திரி முழுக்க இரண்டு பேர் உட்கார்ந்து பேசுகிற படம் அது. அதில் பேச்சைக் குறைத்தால் என்ன மிஞ்சும்? அப்பாவுக்குப் பின்பாதி இழுவையாம். நீடாமங்கலம் என்று வந்தபோது மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அரவிந்த்சாமி 1996இல் சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை விட்டுப் போனவர். 22 வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்கு வருகிறார். கார்த்தி அத்தான் அத்தான் என்று உயிரை விடுகிறான். இவருக்கோ அந்தப் பையனின் பெயர் ஞாபகத்துக்கு வரவில்லை. கேட்க வெட்கப்பட்டு, விடிவதற்குள் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிடுகிறார். அந்த இடத்தில் எனக்குக் கோபமே வந்தது. "உன் பெயர் மறந்துபோச்சுப்பா" என்று சொன்னால் அவன் வீட்டை விட்டா துரத்திவிடுவான்? நம்மைப் பிரியமாக வைத்திருக்கிறவர்களிடம் சொல்ல முடியாத விஷயம் என்று ஒன்று உண்டா என்ன? படத்தைப் பற்றித்தான் சொல்கிறேன்.

சீரியல் பார்ப்பதைக் குறைத்துவிட்டேன். எதிர்நீச்சலில் மாரிமுத்து இறந்து போனாரே, 2023 செப்டம்பரில், அதோடு எனக்கு அந்தக் கதை விட்டுப்போயிற்று. அடுத்து வந்த வேல ராமமூர்த்தியும் நல்ல நடிகர்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் மாரிமுத்து பேசிய அந்த ஆதி குணசேகரன் குரல் காதிலேயே நின்றுவிட்டது. நீயும் போனை எடுத்ததும் அந்தக் குரலில்தான் என்னை அதட்டுவாய். அடுப்படியில் நின்று சிரித்துச் சிரித்துக் குழம்பைத் தீய விட்டிருக்கிறேன். இப்போதெல்லாம் நீ அப்படிப் பேசுவதில்லை.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நான் கம்ப்யூட்டரில் ஸ்டார்டியூ வேலி விளையாடுகிறேன். ஆமாம், நீ விளையாடும் அதே விளையாட்டுதான்.

பாப்பா தன் பழைய லேப்டாப்பை தீபாவளிக்கு இங்கே வைத்துவிட்டுப் போனாள். "அண்ணன் இதுல விவசாயம் பண்றாம்மா" என்று காட்டினாள். எனக்கு ஆச்சரியம். வயலில் கால் வைக்க மாட்டேன் என்று பதினைந்து வயசில் அழுத பிள்ளை, ராத்திரியெல்லாம் உட்கார்ந்து என்ன விவசாயம் பண்ணுகிறான் என்று பார்க்கத்தான் தொடங்கினேன். ஆங்கிலம் புரியாத இடத்தில் பாப்பாவுக்குப் படம் எடுத்து அனுப்புவேன், அவள் அர்த்தம் சொல்வாள். இப்போது பெரும்பாலும் எனக்கே புரிகிறது.

விவசாயம் என்று பார்த்தால் அதில் சரியானதும் இருக்கிறது, சரியில்லாததும் இருக்கிறது. தாத்தாவின் நிலம் புதர் மண்டிக் கிடக்கிறது. கல்லும் கட்டையும் பொறுக்கிவிட்டுத்தான் விதை போட முடியும். ஊர்த் தலைவர் கொடுக்கும் 15 பார்ஸ்னிப் விதையில் ஆரம்பம். பார்க்க நம் முள்ளங்கி மாதிரி இருக்கிறது. தினமும் தண்ணீர் விட்டால் நாலே நாளில் பிடுங்கலாம். தண்ணீர் ஊற்ற ஊற்ற அந்த ஆளுக்குச் சக்தி குறைந்துகொண்டே வருவதை ஒரு ஓரமாகக் காட்டுகிறார்கள் பார், அது எனக்கு ரொம்பப் பிடித்தது. உழைப்பவனுக்கு உடம்பு என்று ஒன்று இருக்கிறது என்று அந்த விளையாட்டைச் செய்தவனுக்குத் தெரிந்திருக்கிறது. 28 நாளில் பருவம் மாறிவிடும், மாறினால் அந்தப் பருவத்துப் பயிர் பட்டுப்போகும். அதுவும் நியாயம்தான். பட்டம் தப்பினால் இங்கேயும் அதே கதிதானே.

ஆனால் விளைந்ததைப் பெட்டியில் போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் பணம் வந்துவிடும் என்பதை அப்பாவால் நம்பவே முடியவில்லை. இங்கே ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் கொள்முதலில் எடுக்க மாட்டார்கள். நெல்லைக் களத்தில் கொட்டிக் காயவைத்து, மேகம் கறுத்தால் தார்ப்பாயை இழுத்து மூடி, ராத்திரி காவல் இருந்து... உனக்குத் தெரியாததா. அங்கே டிவியைப் போட்டால் நாளைக்கு மழையா வெயிலா என்று சொல்கிறார்கள், சொன்னபடியே நடக்கிறது. அப்படி ஒரு டிவி நம் வீட்டில் இருந்திருந்தால் அந்த ஜனவரி மழையில் அறுத்துப் போட்ட கதிர் முளைத்திருக்காது.

இன்னொரு விஷயம். ராத்திரி இரண்டு மணிக்குள் படுக்காவிட்டால் ஆள் இருந்த இடத்திலேயே மயங்கி விழுந்துவிடுகிறான். காசும் போகிறது, மறுநாள் பாதி பலத்தோடுதான் எழுந்திருக்கிறான். பார்த்தாயா, விளையாட்டிலேயே அதுதான் சட்டம். நீ நேரத்தோடு தூங்கு தம்பி. கண்ணுக்குக் கீழே கறுத்திருப்பது வீடியோ காலிலேயே தெரிகிறது.

இதை உருவாக்கியவனைப் பற்றிப் பாப்பா படித்துச் சொன்னாள். எரிக் பரோன் என்று அமெரிக்காவில் சியாட்டில் பக்கத்துப் பையன். உன்னைப் போலவே கம்ப்யூட்டர்தான் படித்திருக்கிறான். 2011இல் படிப்பை முடித்தும் வேலை கிடைக்கவில்லை. வேலைக்குப் பயிற்சியாக இருக்கட்டும் என்றுதான் இந்த விளையாட்டை எழுத ஆரம்பித்திருக்கிறான். படம், பாட்டு, கதை, கணக்கு எல்லாம் அவன் ஒருவனே. இடையில் ஒரு தியேட்டரில் வருகிறவர்களுக்கு இடம் காட்டும் வேலைக்கும் போயிருக்கிறான். நாலு வருஷத்துக்கு மேல் இப்படியே இருந்திருக்கிறான் தம்பி. 2016இல் வெளியிட்டு, இப்போது 4 கோடிக்கும் மேல் விற்றிருக்கிறதாம்.

4 கோடியை நான் பெரிதாக நினைக்கவில்லை. நடுவில் இருந்த அந்த நாலு வருஷத்தைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். "உங்க பையன் என்ன பண்றான்?" என்று அவன் அம்மாவையும் நாலு பேர் கேட்டிருப்பார்கள். வீட்டில்தான் இருக்கிறான் என்று அவளும் சொல்லியிருப்பாள். வேலை இல்லை என்பதால் அவன் படித்த படிப்பு இல்லை என்று ஆகிவிடுமா, இல்லை அவன்தான் குறைந்துபோய்விட்டானா?

விளையாட்டில் வரும் ஊர் மனிதர்களில் எனக்கு மனசில் தைத்தவன் ஷேன். உனக்கும் தெரிந்திருக்கும். பகலெல்லாம் அந்தப் பெரிய கடையில் சாமான் அடுக்கும் வேலை, சாயங்காலம் ஆனால் குடி. முதலில் பேசப் போனால் முகம் கொடுக்கவே மாட்டான். போ என்பது போலத்தான் பேசுவான். நான் விடவில்லை. அவனுக்கு மிளகாய் பிடிக்கும் என்று பாப்பா சொன்னாள். கோடையில் ஒரு பாத்தி முழுக்க மிளகாய் போட்டு, வாரத்துக்கு இரண்டு தடவை கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டுக்கு மேல் வாங்க மாட்டான். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச ஆரம்பித்தான். பேசாமல் விட்டுவிட்டால் பழகினது கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும் என்று ஒரு கணக்கு வேறு வைத்திருக்கிறார்கள். அது தெரிந்த பிறகு ஒரு நாளும் அவனைப் பார்க்காமல் வந்ததில்லை.

ஒரு மழை நாளில் காட்டுப் பக்கம் போனேன். பாறை விளிம்பில் படுத்துக் கிடக்கிறான். சுற்றிலும் காலி டப்பாக்கள். இனி எதற்காக இருக்கவேண்டும் என்பது போல ஏதோ சொல்கிறான். நாம் என்ன பதில் சொல்கிறோம் என்று கேட்டு ஆட்டம் அப்படியே நிற்கிறது. பாப்பா வகுப்பில் இருந்தாள், கேட்க ஆள் இல்லை. எனக்குப் புரிந்த ஆங்கிலத்தில் ஒவ்வொரு வரியாக இரண்டு தடவை படித்துவிட்டு அமுக்கினேன். நல்லவேளை, அவனை டாக்டரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். அப்போதே லேப்டாப்பை மூடிவிட்டு உனக்குப் போன் போட்டேன். நீ எடுக்கவில்லை. மறுநாள் மத்தியானம் "மீட்டிங்மா" என்று மெசேஜ் வந்தது.

அதற்கப்புறம் அவன் கதையை எப்படிக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்றால், அதுதான் எனக்குப் பெரிசாகப் பட்டது. நம் சீரியல் என்றால் குடிக்கிறவனை இருநூறு எபிசோடு அழுதுகொண்டே இழுத்து, கடைசியில் ஒரு அறையில் திருத்திவிடுவார்கள். இங்கே அவனே வீட்டுக்கு வந்து, மனசுக்கு ஆலோசனை சொல்பவரைப் பார்க்கப் போவதாகச் சொல்கிறான். யாரும் அவனுக்குப் புத்தி சொல்லவில்லை, யாரும் கேவலமாகப் பார்க்கவில்லை. அத்தை வீட்டில்தான் இருக்கிறான், கோழி வளர்க்கிறான், ஒரு சின்னப் பெண்ணைப் பார்த்துக்கொள்கிறான். உதவி கேட்கப் போவதைச் சாதாரணமாகக் காட்டியிருக்கிறார்கள். இங்கேயும் அது சாதாரணம்தான் தம்பி. அத்தை மகன் திருச்சிக்குப் போய் வந்தானே, யாராவது ஏதாவது சொன்னோமா? இப்போது நன்றாகத்தானே இருக்கிறான்.

எனக்குப் பிடிக்காத ஒன்றும் உண்டு. மூன்றாம் வருஷம் தொடங்கும்போது செத்துப்போன தாத்தா வந்து, பேரன் எவ்வளவு சம்பாதித்தான், எத்தனை பேரோடு பழகினான் என்று பார்த்து மார்க் போடுவாராம். இது எந்த ஊர் தாத்தா? உன் தாத்தா இருந்தவரை உன் ரேங்க் கார்டைப் பிரித்துக்கூடப் பார்த்ததில்லை. "சாப்பிட்டியாடா" என்பதுதான் அவர் கேட்ட ஒரே கேள்வி. இந்த வீட்டில் யாரும் உனக்கு மார்க் போட்டுக்கொண்டிருக்கவில்லை. அப்பா தெருவில் யாரைப் பார்த்தாலும் "பெங்களூர்ல பெரிய கம்பெனி" என்று சொல்கிறாரே என்று நினைக்காதே. அவருக்குச் சொல்லத் தெரிந்த பெருமை அது ஒன்றுதான். கம்பெனி பேர்கூட அவருக்குச் சரியாக வராது.

பணம் ஒன்றாம் தேதி வந்துவிட்டது. அடுத்த மாதத்திலிருந்து அனுப்பவேண்டாம். சும்மா சொல்லவில்லை. சம்பா நெல் போட்ட பணம் வந்துவிட்டது, அறுப்புக்கு முன்னாலேயே தெளித்த உளுந்தும் நன்றாக முளைத்து நிற்கிறது. சொசைட்டிக் கடனை மாசியில் கட்டிவிடுவோம். பாப்பா பீஸ் கட்டியாயிற்று. உன் கையில் இருப்பதை நீயே வைத்துக்கொள். அனுப்பினால் திருப்பி அனுப்புவேன். அனுப்பாதே.

இன்னொன்று. அந்த லேப்டாப்பில் பாப்பா பெயரில்தான் ஸ்டீம், அதாவது விளையாட்டைத் திறக்கும் கணக்கு, இருக்கிறது. அதில் நீ விளையாடும்போது உன் பெயர் பச்சையாகத் தெரிகிறது. போன புதன்கிழமை காலை பதினோரு மணிக்குத் தெரிந்தது. வியாழக்கிழமையும் தெரிந்தது. லீவு போட்டிருப்பாய். நான் ஒன்றும் கேட்கவில்லை. பகலில் பாப்பா பெயர் உனக்கும் பச்சையாகத் தெரிந்தால் அவள் வகுப்பைக் கட் அடிக்கிறாள் என்று நினைத்துத் திட்டாதே. அது நான்தான். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும்வரை எனக்கு நேரம் இருக்கிறது. இதையெல்லாம் அப்பாவிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

ஒரே பண்ணையில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து விளையாடலாமாம். பண்ணைக்காரன் தன் நிலத்தில் ஒரு குடிசை கட்டினால்தான் அடுத்தவர் வர முடியுமாம், பாப்பா சொன்னாள். உன் பண்ணையில் எனக்கு ஒன்று கட்டு. நீ சுரங்கத்துக்கோ மீன் பிடிக்கவோ போ, தண்ணீர் விடுவதை நான் பார்த்துக்கொள்கிறேன். பேசவேண்டும் என்றில்லை. பேசத் தோன்றினால் பேசு. ராத்திரி என்றால் ஒன்பது மணிக்கு மேல் வருகிறேன். காலை பதினோரு மணி என்றாலும் எனக்குச் சரிதான்.

அன்புடன்,
அம்மா