தராசு அப்டேட் ஏன் தள்ளிப்போகிறது: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் அண்ணன்மார்கள், கீழமாசி வீதி அண்ணாச்சிமார்கள் எல்லோருக்கும் வணக்கம்.

புதுத் தராசுக்கான எங்கள் பில்லிங் சாஃப்ட்வேர் அப்டேட் பற்றி வாட்ஸப் குரூப்பில் ஓடும் பேச்சு எங்கள் காதுக்கும் வந்தது. புரோகிராமர் தம்பி பெங்களூரு போய்விட்டது உண்மைதான், சம்பளம் அங்கே கூடுதல். ஆனால் 'எரர்கூட இல்லையாம், வெறும் வார்னிங்காம், அதுக்கா இத்தனை நாள்' என்று ஒருத்தர் எழுதியிருந்தார் பாருங்கள், அதற்குத்தான் இந்த மடல்.

தராசிலிருந்து எடையை வாங்கும் பகுதியை சி என்ற புரோகிராம் மொழியில் எழுதுகிறோம். அதில் ஒரு ஃபங்ஷனுக்குள், அதாவது புரோகிராமின் ஒரு துண்டுக்குள், 'எடை' என்று சாதாரணமாக ஒரு வேரியபிளை (மதிப்பைப் போட்டு வைக்கும் பெட்டி மாதிரி) வைத்து மதிப்பு கொடுக்காமல் விட்டால் அது தானாகப் பூஜ்யம் ஆகாது, அந்த இடத்தில் ஏற்கெனவே என்ன கிடந்ததோ அதுவேதான் இருக்கும். கேபிள் லூசாகி தராசு பதில் அனுப்பாத நேரத்தில் புதுப் புரோகிராம் இப்படி மதிப்பு வைக்காத வழியில் போகக்கூடும் என்று, நாங்கள் எழுதியதை மெஷின் மொழிக்கு மாற்றித்தரும் ஜிசிசி கம்பைலர் சொன்னது (இந்த வார்னிங்கைக் கேட்டு வாங்க வேண்டும், கேட்காவிட்டால் அது வாயே திறக்காது). எங்கள் ஆபீஸில் கேபிள் இறுக்கமாக இருக்கிறது, எத்தனை பில் போட்டாலும் சரியாகவே வரும். உங்கள் கடையில், முகூர்த்த நாள் கூட்டத்தில், முன்னால் வந்தவருக்கு நிறுத்த மல்லியின் எடை அடுத்தவர் பில்லில் ஏறலாம். அப்புறம் 'சாஃப்ட்வேர்காரன் திருடன்' என்று அதே குரூப்பில்தான் வரும்.

பூஜ்யம் என்று போட்டால் வார்னிங் போய்விடுமே என்றும் கேட்டார்கள். போகும், மல்லியும் ஓசியில் போகும். 2006இல் டெபியன் லினக்ஸில், மதிப்பு வைக்காத நினைவகம் பற்றி ஒரு சோதனைக் கருவி கொடுத்த எச்சரிக்கையை அடக்குவதற்காக ஓபன்எஸ்எஸ்எல் என்ற பாதுகாப்பு சாஃப்ட்வேரில் வரிகளை எடுத்தார்கள், அதில் உருவான ரகசியச் சாவிகள் ஊகிக்கும் அளவுக்கு எளிதாகிப்போனது 2008 மே மாதம்தான் ஊருக்குத் தெரிந்தது. வாயை அடைப்பது வேறு, சொன்னதைக் கேட்பது வேறு. சில நேரம் கம்பைலர் வீணாகவும் கத்தும், அதையும் உட்கார்ந்து பார்த்தால்தானே தெரியும்.

எடை வரவில்லை என்றால் இனி பில்லே விழாது, திரையில் அப்படியே சொல்லிவிடும். பழைய தராசு வைத்திருப்பவர்களுக்கு இதில் எதுவும் இல்லை, இப்போது ஓடும் வெர்ஷனே போதும்.

குரூப்பில் எங்களுக்காகப் பரிந்து பேசிய அண்ணாச்சிமார்களுக்கு நெஞ்சார்ந்த நன்றி, நீங்கள் இல்லாவிட்டால் நாங்கள் இல்லை. ஏப்ரலிலிருந்து ஏஎம்சி (வருடப் பராமரிப்புக் கட்டணம்) கொஞ்சம் கூடும், பில்லில் பார்த்துக்கொள்ளுங்கள். அப்டேட் போட ஆள் வரும்போது கேபிளையும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.