பாட்டி எப்படி 'தே' ஆனார்?

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பாடநூல் எழுதும் குழுவினருக்கு,

வணக்கம். சாயங்காலத்தில் வீட்டுத் திண்ணையில் டியூஷன் எடுக்கிறவன் நான். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி நோட்டில் எழுதியிருந்த இரண்டு வரிகள்தான் இந்த மடலுக்குக் காரணம்: 'மை கிராண்ட்மதர் இஸ் சிக். தே ஆர் இன் ஹாஸ்பிடல்.'

"உனக்கு எத்தனை பாட்டிம்மா?"

"ஒரே பாட்டிதான் சார்."

"அப்ப 'ஷி'ன்னுதானே வரணும்?"

"'ஷி'ன்னா அவள் சார். பாட்டியப் போய் அவள்னு எப்படி எழுதுறது?"

சட்டென்று பதில் வரவில்லை எனக்கு. ப்ரோநவுன் எட்டு வகை என்று மூச்சுவிடாமல் ஒப்பிக்கிற பெண் அவள். பெர்சனல், பொசசிவ், ரிஃப்ளெக்சிவ் என்று தொடங்கி ரெசிப்ரோகல் வரை போய்விடுவாள். அடிக்கோடிட்ட சொல் எந்த வகை என்று கேட்டால் முழு மார்க். ஆனால் வீட்டில் 'அவங்க' என்று சொல்லும் பாட்டியை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று அந்தப் பட்டியல் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. 'அவங்க' என்றால் 'தே' என்று மனப்பாடம் செய்திருந்தாள், எழுதிவிட்டாள்.

இதைத் தப்பு என்று சுழித்துவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. ஆங்கிலேயர்களும் ஒரு காலத்தில் இதையேதான் செய்தார்கள். ஒருவரை அழைக்க அவர்களிடம் 'தௌ' இருந்தது, நம் 'நீ' மாதிரி. பலருக்கு உரிய 'யூ'வை மரியாதைக்காக ஒருவருக்கும் சொல்லத் தொடங்கி, கடைசியில் 'தௌ' வழக்கொழிந்தே போனது. எதிரே ஒரே ஆள் நின்றாலும் 'யூ ஆர்' என்பது அதனால்தான். "ஏன் சார் 'யூ இஸ்' இல்ல?" என்று வருஷா வருஷம் ஒரு பிள்ளையாவது கேட்கும். இந்தக் கதையைச் சொன்னால் போதும், அப்புறம் மறக்காது. ஆனால் பாட்டியிடம் வரும்போது அந்த வழி அடைபட்டிருக்கிறது. நம் 'அவர்' மரியாதையைக் காட்டும், ஆணா பெண்ணா என்று காட்டாது. 'ஷி' அதற்கு நேர் எதிர். பாட்டியும் 'ஷி', தொட்டிலில் கிடக்கும் பாப்பாவும் 'ஷி'. இந்த ஒரு பத்தியைப் பாடத்தில் போட்டிருந்தால் அந்தப் பெண் தயங்கியிருக்க மாட்டாள்.

'நாம்', 'நாங்கள்' இரண்டுக்கும் 'வீ' ஒன்றுதான் என்பதை ஒரு வரியில் சொல்லிவிடலாம், பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். 'ஹிம்செல்ஃப்' கொஞ்சம் நேரம் எடுக்கும். 'தன்னைத்தானே வெட்டிக்கொண்டான்' என்பதற்கும் அதே சொல், 'அவனே வந்தான்' என்பதற்கும் அதே சொல். நாம் ஓர் ஏகாரத்தில் முடிப்பதற்கு அவர்களுக்கு ஒரு முழுச் சொல் வேண்டியிருக்கிறது. ரிஃப்ளெக்சிவ், எம்ஃபடிக் என்று பெயர் வைப்பதற்கு முன்னால் இந்த இரண்டு தமிழ் வாக்கியங்களைக் காட்டினால் பாதி வேலை முடிந்துவிடும். ('மைசெல்ஃப் குமார்' என்று இன்டர்வியூவில் தொடங்குகிறவர்களும் இந்தப் பாடத்தில் முழு மார்க் வாங்கியவர்களாகத்தான் இருப்பார்கள் என்பது என் சந்தேகம்.)

உண்மையில் பிள்ளைகள் திணறுவது ரிலேடிவ் ப்ரோநவுனில். 'நேற்று வந்த பையன்' என்று பெயரெச்சத்தை முன்னால் வைத்து நாம் முடித்துவிடுகிறோம், அங்கே 'ஹூ'வுக்கு இடமே இல்லை. ஆங்கிலத்தில் பையனை முதலில் நிறுத்தி, அவன் பின்னால் 'ஹூ கேம் யெஸ்டர்டே' என்று கட்ட வேண்டும். வாக்கியத்தையே திருப்பிப் போடுகிற வேலை இது. 'ஹூ' என்றால் 'யார்' என்று படித்த பிள்ளைக்கு இங்கே யார் யாரைக் கேட்கிறார்கள் என்றே புரியாது. இதற்கும் பட்டியலில் ஒரே ஒரு வரிதான்.

ஆகவே, அடுத்த பதிப்பில் எட்டு வகைப் பட்டியலைப் பாடத்தின் கடைசிக்குத் தள்ளுங்கள். தன்மை, முன்னிலை, படர்க்கை என்று தமிழ் வகுப்பில் படித்ததிலிருந்து தொடங்குங்கள். 'ஹூ'வுக்குக் குறைந்தது நான்கு வகுப்புகளாவது ஒதுக்குங்கள்.

பாட்டி வீடு திரும்பிவிட்டாராம். 'ஷி இஸ் அட் ஹோம் நௌ' என்று எழுதிவிட்டு, 'ஷி'க்கு மேலே பென்சிலால் சின்னதாக 'அவங்க' என்று குறித்திருந்தாள். நான் அழிக்கச் சொல்லவில்லை.

இப்படிக்கு,
ஒரு டியூஷன் வாத்தியார்