பாசி எடுக்கும் பெண்ணுக்கு அந்தச் சொல் ஆகாதா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் இதழில் வரும் ஆங்கிலப் பகுதியை வெட்டி, டியூஷன் பிள்ளைகளின் நோட்டில் ஒட்டவைப்பவள் நான். சென்ற இதழில், தசை திரண்ட வலுவான உடம்பைக் குறிக்கும் 'மஸ்குலர்' என்ற சொல்லை விளக்கிவிட்டு, அது ஆண்களுக்கே பொருந்தும், பெண்ணைப் பற்றிச் சொன்னால் மரியாதை ஆகாது என்று எழுதியிருந்தீர்கள். 'என் அம்மா மஸ்குலர்' என்று வாக்கியம் எழுதி வைத்திருந்த ஒரு பிள்ளை, அதைப் படித்ததும் அம்மாவை அழித்துவிட்டு அண்ணன் என்று எழுதினாள். அவள் அம்மா கடலில் முங்கிக் கடற்பாசி எடுக்கப் போகிறவர். எனக்கு மனது ஆறவில்லை.

உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. லத்தீனில் சுண்டெலியைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது, தசையைக் குறிக்கும் 'மசில்'. அதிலிருந்து வந்ததுதான் மஸ்குலர். கையை மடக்கும்போது தோலுக்கடியில் எலி ஓடுவதுபோல் தசை திரள்வதால் வந்த பெயர் என்பார்கள். இதில் ஆண் எங்கே வந்தான்? வாட்டசாட்டமான என்று பொருள்படும் 'பர்லி' என்ற சொல்லைப் பெரும்பாலும் ஆண்களுக்குத்தான் சொல்கிறார்கள். அதை அப்படி எழுதியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேன். மஸ்குலர் அப்படியல்ல. ஆஸ்பத்திரிச் சீட்டில் ஐ.எம். என்று எழுதுவது 'இன்ட்ராமஸ்குலர்', அதாவது தசைக்குள் போடும் ஊசியைத்தான். அந்த ஊசியைப் பெண்களுக்கும்தான் போடுகிறார்கள்.

பாம்பன் பக்கம் பாக் நீரிணைக் கடலைப் பெண்கடல் என்றும் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்வோம். அந்த ஆண்கடலில்தான் என் அம்மா முங்கினார். விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, இடுப்பில் வலைப்பை கட்டி இறங்குவார். மூச்சைப் பிடித்துக்கொண்டு பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பிடுங்க வேண்டும். பாறை கிழிக்கும், சொறி என்கிற ஜெல்லி மீன் பட்டால் உடம்பெல்லாம் எரியும். ஈரப் பாசி நிறைந்த பையை வள்ளத்துக்குத் தூக்கிக் கொடுக்கும் அந்தத் தோளைப் பார்த்து வளர்ந்தவள் நான். லீவு நாளில் கூடப் போய் நானும் தூக்கியிருக்கிறேன். அந்தத் தோளுக்கு இந்தச் சொல் மரியாதைக் குறைவா, ஐயா?

நீங்கள் மட்டும் செய்தது என்றால் விட்டிருப்பேன். மீனவர் அடையாள அட்டை கேட்டுப் போன என் அம்மாவிடம், "பாசி எடுக்கிறதெல்லாம் மீன்பிடித் தொழிலாம்மா, வீட்டுக்காரர் பேரில் வாங்கிக்கோ" என்று ஓர் அலுவலகத்தில் சொல்லி அனுப்பினார்கள். அப்பா கடலுக்குப் போவதை நிறுத்திப் பல வருடம் ஆகியிருந்தது. 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் போன பிறகு, தீவு ஓரம் பாசி எடுத்த பெண்களை விரட்டியபோது மட்டும் அவர்களைக் கடலில் தொழில் செய்கிறவர்களாக எல்லோருக்கும் தெரிந்தது. உங்கள் இதழும், வருத்தத்தோடு சொல்கிறேன், புயல் செய்தி போடும்போதெல்லாம் 'மீனவர்களும் அவர்களது மனைவிகளும்' என்றுதான் எழுதுகிறது. அந்த மனைவிகள் நீங்கள் படம் எடுக்க வருவதற்குள் பாதிக் கடலைப் பார்த்துவிட்டுக் கரையேறியிருப்பார்கள்.

பாசி அழியக்கூடாது என்று மாதத்தில் 12 நாள் மட்டுமே எடுப்பது எனத் தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள் இந்தப் பெண்கள். அவர்களில் ஒருவரான பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலம் லட்சுமி அம்மாளுக்கு, தீவுகளின் இயற்கையைக் காக்கப் பாடுபடுகிறவர்களுக்கு ஓர் அமெரிக்க அமைப்பு கொடுக்கும் சீகாலஜி பரிசு 2015இல் கிடைத்தது. எங்கோ அமெரிக்காவில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த இதழில் அந்த விளக்கத்தைத் திருத்துங்கள். பாசி எடுக்கும் பெண்ணை எழுவாயாக வைத்து ஒரு வாக்கியம் கொடுங்கள். கடைசிப் பக்க ஓரத்தில் பொடி எழுத்தில் வேண்டாம். பிள்ளைகள் படிக்கும் அதே இடத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாம்பன்.