ஹல்க்கைத் திரையில் மட்டும் பார்த்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மார்வெல் பட ரசிகர்களே,

உங்கள் ஹல்க் இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டு சின்னப் பிள்ளைகளோடு படம் எடுத்துக்கொள்கிறார். நல்ல மனிதர்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அவரைப் பார்த்து நீங்கள் கடைசியாகப் பயந்தது எப்போது?

நினைவுக்கு வரவில்லை என்றால், 'இம்மார்ட்டல் ஹல்க்' என்ற திகில் காமிக்ஸ் தொடரைக் கையில் எடுங்கள். அல் யூவிங் எழுதியது. பெரும்பகுதி ஜோ பென்னட் வரைந்தது. 2018-இல் தொடங்கி 2021-இல் 50 இதழ்களோடு முடிந்தது.

ஹல்க்கைப் பேயாக்கிவிட்டார்களே என்று அடிக்க வராதீர்கள். அவர் பிறந்ததே அப்படித்தான். 1962-இல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் கொண்டுவந்த முதல் இதழில் ஹல்க் சாம்பல் நிறம். பச்சை அடுத்த இதழில்தான் வந்தது. விஞ்ஞானி புரூஸ் பேனர் ஹல்க்காக மாறுவதற்குக் கோபமே வேண்டாம், பொழுது சாய்ந்தால் போதும். அமெரிக்க காமிக்ஸ் உலகம் 1954-இல் தனக்குத்தானே போட்டுக்கொண்ட தணிக்கை விதிகள் ரத்தக்காட்டேரி, ஓநாய் மனிதன், நடைபிணம் எல்லாவற்றையும் விலக்கி வைத்திருந்த காலம் அது. அந்த வேலிக்குள் நின்றபடியே திகில் கதைக்கு எவ்வளவு பக்கத்தில் போக முடியுமோ அவ்வளவு போயிருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆறே இதழ்களில் அந்த 1962 தொடர் நின்றுபோனது. அப்புறம் வந்த காலங்களில் ஹல்க் பெரும்பாலும் எதையாவது உடைக்கக் கூப்பிடப்படும் ஆளாகிவிட்டார்.

யூவிங் அந்தப் பழைய இரவைத் திரும்ப எடுத்துக்கொள்கிறார். முதல் இதழில் ஒரு பெட்ரோல் பங்க். பதற்றத்தில் இருக்கும் ஓர் இளைஞன் கொள்ளையடிக்க வந்து மூன்று பேரைச் சுடுகிறான். அதில் ஒரு சிறுமி, ஒருவர் பேனர். பேனர் நிஜமாகவே சாகிறார். ராத்திரி ஆனதும் பிணவறையில் ஹல்க் எழுகிறார். அந்த இளைஞனைத் தேடிப்போய் நிற்கும் ஹல்க் கத்துவதில்லை, நிதானமாகப் பேசுகிறார். அந்த நிதானம்தான் வயிற்றைக் கலக்குகிறது. பகலில் பேனரைக் கொல்லலாம், இரவில் ஹல்க்கைக் கொல்ல முடியாது. தொடர் முழுக்க இந்த ஒரு விதியின் மேல்தான் நிற்கிறது.

எட்டாவது இதழைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஹல்க்கைத் துண்டு துண்டாக வெட்டி, தனித்தனி ஜாடிகளில் போட்டு ஆராய்கிறார்கள். வெட்டிய தலை பார்த்துக்கொண்டே இருக்கிறது. பிறகு துண்டுகள் ஒன்றுசேரும் விதம் இருக்கிறதே, சாப்பாட்டுக்கு முன்னால் படிக்க வேண்டாம். மூன்றாவது இதழ் வேறு மாதிரி: ஒரே சம்பவத்தை நான்கு சாட்சிகள் சொல்ல, ஒவ்வொருவர் பார்வையும் வேறு ஓவியர் கையில். பேனரை அடித்து வளர்த்த அப்பா பிரையன் செத்தும் விடவில்லை. கதை நரகம் வரைக்கும் போவதற்கு அவரும் ஒரு காரணம். ஜாடியைவிட எனக்கு இதுதான் அதிக பயம்.

குறையும் உண்டு. நடுப்பகுதியில் பெருநிறுவன அரசியலுக்குள் போகும்போது பயம் கொஞ்சம் தணிகிறது. 43-வது இதழில் ஒரு கடையை வரைந்திருந்த விதத்தில் யூத வெறுப்புச் சாயல் இருந்தது பெரிய சர்ச்சையாகி, ஓவியர் பென்னட் மன்னிப்புக் கேட்டார். பின்னர் அவர் வரைந்த வேறொரு பழைய கார்ட்டூனும் வெளியே வர, மார்வெல் அவரோடு உறவை முறித்துக்கொண்டது. தெரிந்துகொண்டே படியுங்கள்.

முன்கதை தெரிய வேண்டுமே என்று தயங்காதீர்கள். பேனர் ஏற்கெனவே ஒருமுறை செத்து மீண்டவர் என்பது தெரிந்தால் போதும், முதல் தொகுதியில் நேரே இறங்கலாம். முதல் ஐந்து இதழ்களில் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், நான் சண்டைக்கு வரமாட்டேன். ஒன்று மட்டும்: அட்டையில் ஹல்க் இருக்கிறாரே என்று வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடாதீர்கள்.

அன்புடன்,
ஒரு காமிக்ஸ் வாசகன்