பழவேற்காட்டுக் கத்தரீனாவின் தாய்ப்பத்திரம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழவேற்காடு பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். ஏரி, பூநாரைகள், 1613இல் டச்சுக்காரர்கள் கட்டி முடித்த கெல்டிரியா கோட்டை, அவர்களுடைய கல்லறைத் தோட்டம், அந்தத் துறையிலிருந்து கப்பலேறிய துணி வகைகள் என எல்லாமே அதில் இருந்தன. துணியோடு கப்பலேறிய மனிதர்களைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. அந்த வரிக்கு உரிய ஒரு பெண்மணியைப் பற்றியும், அவருடைய வம்சத்தைத் தேடியவர்கள் எந்த வழியில் தேடினார்கள் என்பது பற்றியும், நம் பக்கத்தில் செய்யப்படாமல் கிடக்கும் வேலை பற்றியும் எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

தென்னாப்பிரிக்காவின் பழைய ஆவணங்களில் அவர் பெயர் கத்தரீனா வான் பாலியகட்டா. ‘வான்’ என்றால் ‘இன்ன ஊரைச் சேர்ந்த’ என்று பொருள். பாலியகட்டா என்பது டச்சுக்காரர் வாயில் நுழைந்த பழவேற்காடு. கேப் எனப்படும் நன்னம்பிக்கை முனையில் இருந்த டச்சுக் குடியேற்றத்தில் அவரைப் ‘பெரிய கத்ரைன்’ என்றும் அழைத்திருக்கிறார்கள். பெற்றோர் இட்ட பெயர் எந்தத் தாளிலும் இல்லை. அடிமையாக ஜாவாத் தீவின் பட்டாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், வாழ்ந்த அவர், தன்னுடன் உறவிலிருந்த மற்றோர் அடிமையின் சாவுக்காக 1656இல் மரண தண்டனை விதிக்கப்பட்டு, பிறகு அது வாழ்நாள் நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டதால், 1657இல் நன்னம்பிக்கை முனைக்கு அனுப்பப்பட்டார். அந்தக் குடியேற்றத்தின் பதிவுகளில் காணப்படும் முதல் பெண் கைதி அவர்தான். கோட்டையில் துணி வெளுக்கும் வேலை அவருக்கு. ஜெர்மானியச் சிப்பாய் ஒருவர் மூலம் பிறந்த மகன் கிறிஸ்டோஃபல் 1669 மார்ச்சில் ஞானஸ்நானம் பெற்றான். பின்னர் மன்னிப்புப் பெற்று விடுதலையான கத்தரீனா, 1671இல், தம்மைப் போலவே சுதந்திரம் பெற்றிருந்த அந்தோனி வான் பெங்காலா என்பவரை மணந்தார். தண்டிக்கப்பட்ட அடிமை என்று தொடங்கிய ஒரு வாழ்க்கை, சுதந்திரமான குடும்பத் தலைவி என்று 1680களின் தொடக்கத்தில் முடிந்தது. மகன் 1690ஐ ஒட்டி மார்கரீட் தெரஸ் தெ சவோய் என்ற பெண்ணை மணந்தார். பிரான்ஸில் மதத் துன்புறுத்தலுக்குத் தப்பி 1688இல் கேப் வந்த ஹியூகனாட் குடும்பத்துப் பெண் அவர். இன்று தென்னாப்பிரிக்காவில் ஸ்னைமன் என்ற குடும்பப் பெயரைச் சுமக்கும் ஏராளமானோர் இந்தத் தம்பதியின் வழிவந்தவர்கள். மனிதர்களை இனவாரியாகப் பதிவு செய்ய 1950இல் சட்டம் போட்ட நாட்டில், வெள்ளையர் பட்டியலில் ஏறிய பல குடும்பங்களின் மூலப் பாட்டி பழவேற்காட்டிலிருந்து போனவர்.

நான் நாற்பது ஆண்டுகள் ஆவண எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு மனைக்குக் கிரயப் பத்திரம் எழுதுமுன் தாய்ப்பத்திரத்தை வாங்கிப் பார்ப்போம், வில்லங்கம் போட்டுப் பார்ப்போம், இடையில் ஒரு கைமாற்றம் விட்டுப்போயிருந்தால் எழுத மறுப்போம். கத்தரீனாவின் வம்சத்தைத் தேடிய ஆய்வாளர்களும் ஏறக்குறைய இதைத்தான் செய்திருக்கிறார்கள் என்று அறிந்தபோது எனக்கு வியப்பும் ஒருவிதக் கூச்சமும் ஏற்பட்டன. பட்டாவியா நீதிமன்றத் தீர்ப்பு, திருச்சபையின் ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் பதிவு, குடியானவர்களின் வரிக் கணக்கு என்று ஒவ்வொரு கண்ணியாகக் கோத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். கேப்பில் இறந்தவர்களின் சொத்தை வாரிசுகளுக்காகக் காத்த மன்றம் ஒன்று இருந்தது; ஒருவர் இறந்ததும் அதன் எழுத்தர் அவர் வீட்டுக்குப் போய், கூடத்தில் இன்ன நாற்காலி, அடுப்படியில் இன்ன செம்புப் பானை, தொழுவத்தில் இத்தனை மாடு என்று அறை அறையாக எழுதிக்கொண்டே வந்து, அதே வரிசையில், அதே கையெழுத்தில், அடிமைகளின் பெயர்களையும் எழுதிவிட்டுப் போவார். சொத்தாக மதிக்கப்பட்டதால்தான் அந்த மனிதர்களின் பெயர்கள் தாளில் ஏறின. சுதந்திரமான ஏழை ஒருவர் தடமே இல்லாமல் மறைந்து போகலாம். விற்கப்பட்டவருக்குப் பத்திரம் இருக்கும். என் தொழில் அறிவு இத்தகைய தேடலுக்கும் பயன்படும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் நம்மவர்கள் இதுபோன்ற செய்தி கிடைத்ததும் ‘ஆப்பிரிக்காவை ஆண்ட தமிழச்சி’ என்று தலைப்பிட்டுவிடுவார்கள். பழவேற்காடு 1690 வரை சோழமண்டலக் கரையில் டச்சுக் கம்பெனியின் தலைமையிடமாக இருந்தது. உள்நாட்டில் எங்கெங்கோ பிடிபட்டவர்களும் வாங்கப்பட்டவர்களும் அந்தத் துறையில் கப்பலேற்றப்பட்டார்கள். ஆகவே ‘வான் பாலியகட்டா’ என்பது பிறந்த ஊராகவும் இருக்கலாம், கப்பலேறிய துறையாகவும் இருக்கலாம். வீட்டில் பேசியது தமிழா தெலுங்கா என்பதை அந்தப் பெயர் சொல்லாது. மரபணுச் சோதனையும் இந்த இடத்தில் அதிகம் கைகொடுக்காது. தாய்வழி மரபணு தாயிடமிருந்து பிள்ளைகளுக்குப் போகும், ஆனால் மகன் அதைத் தன் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை. ஸ்னைமன் வம்சமோ மகன் வழியாக வந்தது. எனவே தாள்தான் கதி.

அந்தத் தாளில் ஒரு பங்கு நம்மிடம் இருக்கிறது என்பதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆவணங்களை 2003இல் யுனெஸ்கோ ‘உலக நினைவகப்’ பதிவேட்டில் சேர்த்தபோது, நெதர்லாந்து, இந்தோனேசியா, தென்னாப்பிரிக்கா, இலங்கை ஆகிய நாடுகளின் ஆவணக் காப்பகங்களோடு சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் அதில் இடம்பெற்றது. அங்குள்ள டச்சு ஆவணங்களில் பெரும்பகுதி கொச்சியைச் சேர்ந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே நடந்த அடிமை விற்பனைப் பத்திரங்களும் நீதிமன்ற விசாரணைகளும் அவற்றில் உள்ளன. வெளிநாட்டு ஆய்வாளர்கள் வந்து படித்துக் கட்டுரை எழுதுகிறார்கள். நமக்கு எழும்பூர் என்றால் ரயில் நிலையம்.

இந்தக் கடற்கரையிலிருந்து எத்தனை பேர் போனார்கள் என்பதை ஓர் உதாரணத்தால் சொல்கிறேன். 1659 முதல் 1661 வரை, பீஜப்பூர்ப் படையெடுப்புகளால் தஞ்சைச் சீமை பாழாகிப் பஞ்சம் தலைவிரித்தாடியபோது, நாகப்பட்டினம், பழவேற்காடு முதலிய துறைகளில் டச்சுக் கம்பெனி வாங்கிய அடிமைகள் 8,000 முதல் 10,000 பேர் வரை என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். பெரும்பாலோர் இலங்கைக்கும், சிறு பகுதியினர் பட்டாவியாவுக்கும் மலாக்காவுக்கும் போனார்கள். வாங்கியவன் டச்சுக்காரன் என்றால் விற்றவன் யார் என்ற கேள்வியையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆளை அடிமையாக எழுதிக் கொடுக்கும் ஓலைக்கு உரிய ‘ஆளோலை’ என்ற சொல் நமக்கு டச்சுக்காரன் கற்றுக் கொடுத்ததல்ல. அடிமை மீதான உரிமையை இந்திய நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்று 1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம் சொல்லும் வரை, இந்த மண்ணிலும் ஆள் விற்பனைக்குப் பத்திரம் எழுதியிருக்கிறார்கள். எழுதியவர் என் தொழிலின் முன்னோடி ஒருவராகத்தான் இருந்திருப்பார். நான் மேலே சொன்ன கூச்சம் அதனால் வந்தது.

கட்டுரையைப் படித்த மறுவாரம் பழவேற்காட்டுக் கல்லறைத் தோட்டத்துக்கு மீண்டும் ஒருமுறை போய்வந்தேன். வாயிலின் இருபுறமும் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளை என் பேரன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே ஒவ்வொரு கல்லிலும் வணிகர், அதிகாரி, அவர்தம் மனைவி மக்கள் என்று பெயரும் ஆண்டும் ஆழமாக வெட்டப்பட்டிருக்கின்றன. “தாத்தா, இவங்கள்ல யாரு நம்ம ஊர்க்காரங்க?” என்று கேட்டான். இங்கே யாரும் இல்லை, நம் ஊர்க்காரர் ஒருவரின் பெயர் கேப் டவுன் காப்பகத்தில் இருக்கிறது என்று சொன்னேன்.

என் வேண்டுகோள் இரண்டே. முதலாவது, எழும்பூரிலுள்ள அடிமை விற்பனைப் பத்திரங்களில் வரும் ஆட்பெயர், வயது, விற்றவர், வாங்கியவர், ஊர் ஆகியவற்றுக்குத் தமிழில் ஒரு பெயர் அட்டவணை தயாரிக்க அரசு முன்வர வேண்டும். கடலுக்கு அப்பால் தங்கள் பாட்டியின் பாட்டியைத் தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு நம் பக்கத்துக் கண்ணி கிடைக்க இதைவிட நேரான வழி இல்லை. இரண்டாவது, பழவேற்காட்டில் பயணிகள் படிக்கும் இடத்தில், இந்தத் துறையிலிருந்து அடிமைகள் கப்பலேற்றப்பட்டனர் என்பதையும், அவர்களில் ஒருவராகிய கத்தரீனா கேப்பில் சுதந்திரப் பெண்ணாக வாழ்ந்து ஒரு பெருங்குடும்பத்தின் மூதாயானார் என்பதையும் சொல்லும் பலகை ஒன்று வைக்கப்பட வேண்டும்.

அட்டவணை வேலைக்குத் தன்னார்வலர்களை அழைத்தால் நான் வரத் தயார். எனக்கு டச்சு தெரியாது. ஆனால் ஒரு பத்திரத்தில் விற்பவர் பெயர் எங்கே வரும், சாட்சி எங்கே கையொப்பமிடுவார், சொத்து விவரம் எந்த இடத்தில் தொடங்கும் என்பது தெரியும். அந்தக் கடைசி இடத்தில்தான் நாம் தேடும் பெயர்கள் இருக்கும்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வு பெற்ற ஆவண எழுத்தர்,
பொன்னேரி.